சுரங்க வாசல் முனி பீடத்தை நான்தான் உடைச்சேன்

ஆமா, நான்தான் உடைச்சேன். இன்னைக்கும் எங்க தோட்டத்துப் பக்கம் ஒரு கல்யாணம் காட்சின்னு போனா, யாராவது ஒரு பெரிசு என்னைக் கை காட்டி, "முனி பீடத்தைக் கடப்பாறையால இடிச்சவ இவதான்"னு பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க காதுல ஓதும். ஓதட்டும். பொய் ஒண்ணும் சொல்லலையே. ஆனா ஏன் இடிச்சான்னு மட்டும் ஒருத்தரும் சொல்றதில்ல. அதை நானே சொல்லிட்டுப் போறேன்.

எங்க தேயிலை மலைக்கு அடியில ஒரு சுரங்கம் இருந்துச்சு. யுத்தத்துல ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி யாரோ ஒரு வெள்ளைக்காரன், ஈயம் கிடைக்கும்னு மலையைக் குடைஞ்சானாம். ஈயம் கிடைச்சுதோ இல்லையோ, தண்ணி நல்லாக் கிடைச்சுது. விட்டுட்டுப் போயிட்டான். பின்னால வந்தவங்க சுரங்க வாசலைச் சிமெண்டுச் சுவர் வச்சு மொத்தமா அடைச்சாங்க. உள்ள ஊறுற தண்ணி வெளிய போகணுமில்ல? அதுக்காகச் சுவரோட அடியில ஒரு இரும்புக் குழாய். அது வழியா துருத்தண்ணி, செவப்பா, ராப்பகலா வந்துக்கிட்டே இருக்கும். வாசலுக்கு நேர் கீழே, சரிவுல, கீழ் லயம். ஒரே கூரைக்கு அடியில வரிசையா வீடுங்க. அதுல மலையை ஒட்டினாப்புல இருந்த கடைசி வீடு எங்க அக்கா வீடு.

நான் கொழுந்து பறிக்கிறவ. வாய் கொஞ்சம் நீளம். நிறுவையில வேலை வாங்குற மண்டோர் இஷ்டத்துக்கு எடையைக் கழிச்சா எல்லாப் பொம்பளைங்களும் முணுமுணுப்பாங்க, நான் சத்தமாக் கேப்பேன். எழுபதுகள்ல ஒரு வருஷம், சுரங்க ஆபீஸ்லேருந்து ஒரு சீன எஞ்சினியர் வந்தாரு. உள்ள தண்ணி ஏறுதா இறங்குதான்னு வாரா வாரம் அளந்து சொல்ல ஒரு ஆள் வேணும்னு தோட்டத்து மேனேஜர் துரைகிட்டக் கேட்டாரு. ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணி யோசிக்கவே இல்ல, என்னைக் கை காட்டிட்டாரு. தமிழ்ப்பள்ளியில ஆறாவது வரைக்கும் படிச்சவ, நம்பர் எழுதத் தெரியும்னு துரைகிட்டச் சொன்னாரு. என்கிட்டச் சொன்னது வேற. "குழாய்கிட்டப் போய்ப் பேசும்மா, அது எதிர்த்துப் பேசாது லா"ன்னாரு. "சரிங்க ஐயா, அதாவது உண்மையைச் சொல்லும்"னுட்டு வந்தேன்.

வேலை பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. மலை மேல தேயிலைச் செடிங்களுக்கு நடுவுல, தரைக்குள்ள ஆழமா இறக்கின குழாய்ங்க இருக்கும். மூடியைத் திறந்து அளவு நாடாவை உள்ள விடணும். நாடா நுனியில கவுத்துப்போட்ட கிண்ணம் மாதிரி ஒரு பித்தளைக் குண்டு. அது தண்ணியைத் தொட்டதும் "ப்ளக்"னு ஒரு சத்தம் வரும். குழாய் வாயில காதை வச்சு அதைக் கேக்கணும். கேட்ட இடத்துல நாடாவைப் பிடிச்சு அளவைப் பார்க்கணும். நாடா நிறைய உள்ள போனா தண்ணி கீழ கிடக்கு, நிம்மதி. கொஞ்சம்தான் போச்சுன்னா தண்ணி மேல வந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் சுரங்க வாசலுக்கு இறங்கி வரணும். இரும்புக் குழாய்த் தண்ணி போய் விழுற ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும். அதோட வாயில ஒரு தகரப் பலகை, பலகையில முக்கோணமா ஒரு வெட்டு. அந்த வெட்டுல தண்ணி எவ்வளவு உயரத்துக்கு வழியுதுன்னு குச்சி வச்சுப் பார்க்கணும். அவ்வளவுதான். நான் ஈரத் தரையில படுத்துக் குழாய்க்குக் காது குடுக்கிறதைப் பார்த்துட்டுக் கொழுந்து பறிக்கிறவளுங்க, "என்னடி, மாமியார் உள்ளேருந்து என்ன திட்டுறா?"ன்னு கத்துவாளுங்க. "உங்களைத்தான் திட்டுறா, கூடை நிறையலையாம்"னு நானும் கத்துவேன்.

சுரங்க வாசல்ல முனி இருந்தாரு. எந்தத் தோட்டத்துல முனி இல்ல? சுவர் கட்டின காலத்துலயே யாரோ ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பக்கத்துல சூலத்தையும் குத்தி வச்சுட்டாங்க. பொம்பளைங்க அந்தப் பக்கம் போற வழக்கமில்ல. என் வேலைக்காகக் கிராணி போய்க் கோயில் தலைவர்கிட்ட அனுமதி கேட்டாரு. தலைவர் முந்தி கங்காணியா இருந்தவரு, கங்காணி வேலை போயும் அந்தக் குரல் போகல. "விலக்கான நாள்ல வரக்கூடாது"ன்னாரு. "சுரங்கத் தண்ணி என் விலக்கைப் பார்த்துட்டா ஏறப்போகுது?"ன்னு கேட்டேன். அன்னைக்கே அவருக்கு என்னைப் பிடிக்காமப் போச்சு.

இப்ப அக்கா கதைக்கு வரேன். எனக்கு அவதான் எல்லாம். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னி விட்டவ, என் கல்யாணத்துக்குத் தன் கம்மலைக் கழட்டிப் போட்டவ. அவளுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் பிள்ளை தங்கல. உண்டாகும், கலைஞ்சுடும். ஒவ்வொரு தடவையும் அவ அழாம எந்திரிச்சுக் கூடையை மாட்டிக்கிட்டுப் காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்குப் போவா, அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். மறுபடி ஒரு தடவை உண்டானப்ப, தன் வீட்டுப் பின்வாசல்ல நின்னு மேல முனி இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டா. "இந்த ஒண்ணு தங்கட்டும்ப்பா, உனக்குப் பீடம் கட்டித் தரேன்"னு வேண்டிக்கிட்டா. தங்குச்சு. அஞ்சாம் மாசம் தாண்டுச்சு, வளையல் போட்டோம். ஆடி மாசம் பீடம் கட்டியாகணும்னு ஒத்தக்கால்ல நின்னா.

அக்கா புருஷன், எங்க அத்தான், தோட்டத்துல கொத்தனாரு. நல்ல வேலைக்காரரு. ஆனா இந்த வேலையில ஒரு சிக்கல் இருந்துச்சு. நட்ட சாமிக்கல்லை நகத்தக்கூடாது, பீடம் அந்த இடத்துலதான் வரணும்னுட்டாரு தலைவர். கல்லோ இரும்புக் குழாய்க்கு நேர் முன்னால. வெள்ளை டைல்ஸ் ஒட்டி அழகாப் பீடம் கட்டினா, துருத்தண்ணி நாளைக்கே அதைச் செவப்பாக்கிடும். சாமி காலடியில அழுக்குத் தண்ணி ஓடலாமா? அத்தான் யோசிச்சாரு. இரும்புக் குழாய் வாயில ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயைச் சொருகினாரு. சுத்தி இருந்த சந்தைச் சிமெண்டு வச்சுப் பூசினாரு. அந்தச் சின்னக் குழாயைப் பீடத்துக்கு அடியிலயே வளைச்சு விட்டு, பக்கவாட்டுல தொட்டிக்குக் கொண்டு போய்ட்டாரு. மேல கம்பி, கல்லு, சிமெண்டு, பிரிஞ்சாங் டவுன் கடையில வாங்கின வெள்ளை டைல்ஸு. தண்ணி கண்ணுக்கே தெரியல. தோட்டமே வந்து பார்த்து, "கொத்தனாரு மூளையே மூளை"ன்னு மெச்சுச்சு. கிடா வெட்டிப் பூசை போட்டாங்க. பக்தியில பண்ணின காரியம்தான், அதுல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்.

புரட்டாசியில அக்காவுக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. கறுப்பா, தலை நிறைய முடியோட, என்னை மாதிரியே வாயோட. அழுதான்னா மேல் லயம் வரைக்கும் கேக்கும்.

அதுக்குள்ள தொட்டியில தண்ணி குறைய ஆரம்பிச்சுருச்சு. தகரப் பலகை வெட்டுல முந்தி கையகலத்துக்கு வழிஞ்ச தண்ணி, விரல் கனமாச்சு, அப்புறம் நூலாச்சு. கோயில்ல பேச்சு கிளம்பிருச்சு. "பார்த்தியா, பீடம் கட்டினதும் முனி மலைத் தண்ணியையே அடக்கிட்டாரு!" எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா மேல குழாய்ல நாடா உள்ள போற நீளம் வாரா வாரம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. வெளிய வர்ற தண்ணி குறையுது, உள்ள இருக்கிற தண்ணி ஏறுது. இதுக்கு என்ன அர்த்தம்னு சோத்துப்பானை கழுவுறவளுக்குத் தெரியாதா? துருத்தண்ணி ஓடுற இடமெல்லாம் ஆரஞ்சுக் கலர்ல ஒரு கூழ் படியும். தொறந்த வாய்க்கால்லயே அதை நான் சங்கூல் மண்வெட்டி போட்டுச் சுரண்டிக்கிட்டே இருக்கணும். சின்னக் குழாய்க்குள்ள அது படிஞ்சு அடைச்சா எந்தக் கையை விட்டு எடுக்கிறது? அதுக்கு மேல சாமி உக்காந்திருக்காரு.

எஞ்சினியர் வந்தாரு, பீடத்தைப் பார்த்தாரு, அளவைப் பார்த்தாரு. அவரும் ஒரு நொடியில புரிஞ்சுக்கிட்டாரு. "புக்கா, செப்பாட்!" மலாய்ல, திற, சீக்கிரம் திறங்கிறாரு. துரை முகம் போன போக்கைப் பார்க்கணும். கோயில்ல கை வச்சா தோட்டமே வேலைக்கு வராது, நான் தொட மாட்டேன்னு கையைக் கழுவிட்டாரு. எஞ்சினியர் பாவம், வேற வழி பார்த்தாரு. சுவருக்குப் பக்கத்துல புதுசா ஓட்டை போட மிஷின் கொண்டு வரேன்னு சொல்லிட்டு இறங்கினாரு. ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. தாப்பா ரோட்டுல மண்ணு சரிஞ்சு, மிஷின் லோரி மலையேற முடியாம கீழேயே நின்னுச்சு.

ஒரு நாள் பிள்ளையைப் பார்க்க அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில கோணிச்சாக்கு விரிச்சிருந்தா. சாக்கைத் தூக்கினேன். தரை விரிசல்லேருந்து செவப்பாத் தண்ணி கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மலை பக்கத்துச் சுவர் தொட்டா சொதசொதன்னு. 

"அக்கா, இது மழைத் தண்ணி இல்ல. சுரங்கத் தண்ணி. நிறம் பாரு. சுவர் பிச்சுக்கிட்டா லயமே போயிடும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வா."

"பச்சை உடம்புக்காரியை மழையில நடக்கச் சொல்றியா?"

"நான் தூக்கிட்டுப் போறேன் உன்னை."

"எனக்குப் பிள்ளை குடுத்தவரு மேல உக்காந்து காவல் காக்கிறாரு. அவரை நம்பாம ஓடினேன்னு வை, குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவாரு." பிள்ளையை மாரோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "நீ வாயை மூடிக்கிட்டுப் போ."

அவளைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அத்தனை பிள்ளையைப் பறிகுடுத்தவ வேற என்னத்தைப் பிடிச்சுக்குவா? ஆனா எனக்குக் கோவம் வந்துச்சு. கோவத்தோட நேரா கோயில் தலைவர் வீட்டுக்குப் போனேன். பீடத்தை இப்ப எடுத்துட்டு, தை மாசம் தள்ளிக் கட்டிக்கலாம்னு சொன்னேன். அவரு வெத்தலையைத் துப்பிட்டுச் சொன்னாரு: "வேண்டுதல் பீடம். பிள்ளைக்கு முடி இறக்குற வரைக்கும் தொடக்கூடாது. தொட்டா அந்தப் பிள்ளைக்கு ஆகாது. உன் அக்கா வயித்துல நீயே கை வைப்பியா?"

"முடி இறக்கப் பிள்ளை உயிரோட இருக்கணுமே, தலைவரே."

"பொம்பளை பேசுற பேச்சா இது!"ன்னு எந்திரிச்சாரு. நான் வந்துட்டேன். பேசிப் பார்த்தாச்சு. கேக்கிற காதே இல்லாத ஊர்ல சங்கு ஊதி என்ன பண்றது?

மறுநாள் காலையில மேல் குழாய்ல நாடாவை விட்டேன். விட்ட கையோட "ப்ளக்"னுச்சு. மூடியை மூடக்கூட இல்ல. நேரா இறங்கி வந்து, ஸ்டோர்ல வேலியடிக்க வச்சிருந்த கடப்பாறையை எடுத்துக்கிட்டேன். மத்தியானம், எல்லாரும் நிறுவைக்குப் போற நேரம். மழை கொட்டுது. முனி முன்னால நின்னேன். பயமா இல்லையான்னு கேட்டா, பயம்தான். "உனக்குக் கண்ணு இருந்தா கீழ பார், உன் காலுக்குக் கீழ பச்சைப்பிள்ளை படுத்திருக்கு. கோவம் வந்தா என்னைப் பிடி, அவளைத் தொடாதே"ன்னு சத்தமாவே சொன்னேன். சாமிக்கல்லைத் தொடல. பீடத்தோட முன்பக்கத்துல ஓங்கி ஒரு போடு போட்டேன்.

டைல்ஸ் சிதறுச்சு. சிமெண்டு அசையல. என் அத்தான் கைவேலை, அசையுமா? அடிக்கிறேன், அடிக்கிறேன், உள்ளங்கை பிஞ்சு ரத்தம் வருது, ஒரு துண்டுதான் பேருது. கீழ லயத்துலேருந்து அக்கா பார்த்துட்டா போல. "அடிப்பாவி! என் பிள்ளையைக் கொல்றாளே!"ன்னு அவ அலறினது இன்னும் என் காதுல இருக்கு. நான் திரும்பல. திரும்பியிருந்தா அடிச்சிருக்க மாட்டேன்.

அத்தான் ஓடி வந்தாரு. மூச்சு வாங்குது, முகமெல்லாம் மழை. என்னைத் தள்ளிவிடப் போறாருன்னு கடப்பாறையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். அவரு என்னைப் பார்க்கல. சுவரைப் பார்த்தாரு. சுவரோட ஓரத்துல, பாறையும் சிமெண்டும் சேர்ற இடத்துல, ஊசி மாதிரித் தண்ணி பீய்ச்சுது. கொத்தனாருக்குச் சுவரைப் பத்தி யார் சொல்லணும்? அந்த இடத்துல விரலை வச்சுப் பார்த்தாரு. அப்புறம் மெல்லமாச் சொன்னாரு:

"அங்க அடிக்காத, புள்ள. கம்பி இருக்கு. இடது மூலையில அடி. அங்கதான் குழாய் வளையுது."

சொல்லிட்டு, "நான் சொன்னேன்னு உன் அக்காகிட்டச் சொல்லிடாத"ன்னாரு. சொல்லிட்டுக் கீழ இறங்கி, அக்கா அழுதுக்கிட்டு நின்ன பக்கமா ஓடிட்டாரு. அட ஆம்பளையே! அந்த நேரத்துல அவரைத் திட்டினதை எழுதினா இந்தப் புத்தகத்தை யாரும் வீட்டுல வைக்க மாட்டாங்க. ஆனா அவரு கேட்டுக்கிட்டபடி அக்காகிட்டச் சொல்லல. அவரு போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு, அதனால இப்பச் சொல்றேன்.

இடது மூலையில அடிச்சேன். கடப்பாறை உள்ள இறங்குச்சு. பிளாஸ்டிக் குழாய் உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு, அடுத்த நொடி தண்ணி என்னைத் தூக்கி வாய்க்கால்ல அடிச்சுது. கூழும் துருவும் கல்லும் சேர்ந்து வந்துச்சு. பீடத்துல பாதியை அதுவே பேத்துக்கிட்டுப் போயிருச்சு. வாய்க்கால் நிரம்பி, லயத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளத்துல விழுந்து, கீழ ஆத்துக்குப் போச்சு. அன்னைக்குப் பூரா ஆறு செவப்பா ஓடுச்சாம், திரிங்காப் காய்கறித் தோட்டத்துலேருந்து ஆள் வந்து என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போனாங்க. சாமிக்கல்லு மட்டும் இடத்தை விட்டு அசையல. அவருக்கு என் மேல கோவம் இல்லைன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

ரெண்டு நாள்ல அக்கா அடுப்படித் தரை காய்ஞ்சுது. மேல் குழாய்ல நாடா பழையபடி இறங்குச்சு. சுவர் நின்னுச்சு. இதுதான் என் தலையெழுத்து. சுவர் உடைஞ்சிருந்தா, "அவ சொன்னா, நாம கேக்கல"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டிருப்பாங்க. உடையாத சுவருக்கு யார் சாட்சி? மழை விட்டுச்சு, தரை காய்ஞ்சுதுன்னாங்க. முனி பொறுத்துக்கிட்டாருன்னாங்க. எஞ்சினியர் வந்து என் கையைப் பிடிச்சு, "பாகுஸ், காக்கா, பாகுஸ்"னு, நல்ல காரியம் பண்ணினே அக்கான்னு, குலுக்கினாரு. சீனன் சொன்னா சாமி குத்தம் போயிடுமான்னு அதுக்கும் ஒரு பேச்சு.

கோயில்ல கூட்டம் போட்டாங்க. நான் சபை முன்னால விழுந்து மன்னிப்புக் கேக்கணும், இல்லைன்னா எங்க வீட்டுக்கு விபூதி கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டாங்கன்னு தலைவர் சொன்னாரு. என் வீட்டுக்காரர் லோரி டிரைவர். வாயே திறக்காத மனுஷன். அன்னைக்கு எந்திரிச்சாரு. "இவ எனக்கே விழுந்ததில்ல, உங்களுக்கா விழப்போறா? வாம்மா, போலாம்"னு கூட்டிட்டு வந்துட்டாரு. அந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்கு ஆயுசு பூரா ஆக்கிப் போட்டேன்.

ஆனா என்னை முறிச்சுப் போடப் பார்த்தது கூட்டம் இல்ல. அந்த மாசக் கடைசியில பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுச்சு. அனலாக் கொதிச்சு, பால் குடிக்காம, கண்ணு மேல சொருகுது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. நானும் பின்னாலேயே ஓடினேன். வாசல்லயே அக்கா தடுத்துட்டா. தலைவிரி கோலமா நின்னு, "உள்ள வராத. நீ என் தங்கச்சி இல்ல. என் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சு, உன் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்துவேன்"னா. ஆஸ்பத்திரி வேலிக்கு வெளிய நின்னேன். அப்பதான் எனக்கும் சந்தேகம் வந்துச்சு. ஒருவேளை இவங்க சொல்றது நிஜமா இருந்தா? என் கையாலயே அந்தப் பிள்ளையை...?  அழுதேன். அழுது அழுது கடைசியில அது கோவமா மாறிப் போச்சு. நேரா மலை ஏறி முனிகிட்ட வந்தேன். பாதி பீடத்துல உக்காந்திருந்தாரு.

"இந்தா பாரு. உடைச்சது நான். நான் இங்கதான் நிக்கிறேன், வாரா வாரம் வருவேன், ஓடி ஒளியல. என்னை விட்டுட்டுப் பச்சைப்பிள்ளையைப் பிடிச்சேன்னா நீ சாமியே இல்ல. அவளுக்கு ஒண்ணு ஆச்சு, இந்தக் கல்லைப் பேத்து ஆத்துல போடுவேன், அதுக்கும் கடப்பாறை இருக்கு என்கிட்ட."

இப்படி எல்லாம் சாமிகிட்டப் பேசலாமான்னு கேப்பீங்க. நம்ம சாமிகிட்ட நாம பேசாம யார் பேசுறது? பிள்ளை பிழைச்சா. டாக்டர் ஊசியா, முனி இரக்கமா, எனக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் கும்பிடு போட்டேன்.

அக்கா மட்டும் பேசல. பேசவே இல்ல. ஒரே நிறுவையில நிப்போம், ஒரே தண்ணிக் குழாய்ல குடம் வைப்போம், முகத்தைத் திருப்பிக்குவா. கோயில்காரங்க அப்புறம் பீடத்தைக் குழாய்க்குத் தள்ளி, மேட்டுல கட்டினாங்க. சாமிக்கல்லை நகத்தக்கூடாதுன்னு சொன்ன அதே தலைவர்தான் நகத்திவச்சு, "முனி கனவுல வந்து இடம் மாத்தச் சொன்னாரு"ன்னாரு. நான் சிரிச்ச சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்கும். எங்க வீட்டுக்கு விபூதி குடுக்கல. தட்டு என்னைத் தாண்டிப் போறப்ப நானே கையை நீட்டி எடுத்துக்குவேன். பூசாரி தட்டை இழுத்துக்க மாட்டாரு. அளக்கிற வேலையை ஒரு வாரம்கூட விடல. பிள்ளை வளர்ந்தா, லயத்து வாசல்ல ஓடி விளையாடினா, நான் நாடாவும் கையுமா இறங்கி வர்றப்ப என்னைப் பார்த்து நிப்பா. அம்மா கூப்பிட்டதும் உள்ள ஓடிடுவா.

எண்பதுகள் முடியப்போற நேரம், அவ வயசுக்கு வந்துட்டான்னு கேள்விப்பட்டேன். சடங்கு வச்சாங்க. தோட்டத்துல வீடு வீடாப் போய் வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாங்க. என் வீட்டை மட்டும் தாண்டிப் போய்ட்டாங்க. நான் பட்டுப்புடவையைக் கட்டினேன். "கூப்பிடாத வீட்டுக்குப் போறியே"ன்னாரு வீட்டுக்காரர். "என் அக்கா பொண்ணு வீட்டுக்கு எனக்கு எதுக்கு அழைப்பு?"ன்னுட்டுக் கிளம்பிட்டேன்.

வீட்டுக்குப் பின்பக்கம் பந்தல் போட்டு, பிள்ளையை மனையில உக்கார வச்சிருந்தாங்க. பக்கத்துல அண்டா நிறைய மஞ்சத்தண்ணி. அத்தைக்காரிங்க ஒவ்வொருத்தியா ஊத்திக்கிட்டு இருந்தாளுங்க. என்னைப் பார்த்ததும் குலவை நின்னுச்சு. யாரும் வழி விடல, யாரும் தடுக்கவும் இல்ல. தலைவர் பொண்டாட்டி மட்டும், "இவ எதுக்கு இங்க? பிள்ளைக்கு ஆகாது"ன்னா. எனக்கு எங்கேயிருந்துதான் வந்துச்சோ தெரியல.

"இந்த வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடக்கூடாதுன்னு நின்னவ நான். இவ தலையில தண்ணி ஊத்த எவளைக் கேக்கணும்?"

சொம்பை எடுத்து அண்டாவுல மொண்டேன்.  பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. "ஊத்துங்க, சின்னம்மா"ன்னா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி. நான் சொம்பைத் தூக்கினேன்.

ஒரு கை வந்து சொம்பைப் பிடிச்சுது. அக்கா. தட்டி விடப்போறான்னு நினைச்சேன். தட்டினாலும் மறுபடி மொள்ளுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அவ சொம்புக்குள்ள விரலை விட்டுப் பார்த்தா.

"உனக்கு அறிவிருக்காடி? இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணியையா பிள்ளை தலையில ஊத்துவ? அந்தச் சுடுதண்ணியைக் கலந்து ஊத்து."

அத்தனை வருஷத்துல அவ என்கிட்டப் பேசின முதல் பேச்சு அது. நான் சுடுதண்ணியைக் கலந்தேன்.